அறப்பழசா, அரதப்பழசா, அதரப்பழசா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. வெள்ளவத்தையில் தரம் ஒன்பது படிக்கும் உங்கள் மகள், கட்டுரையில் "எங்கள் வீட்டுக் கணினி அரதப்பழசு" என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வெட்டி "அறப்பழசு" என்று திருத்தியிருக்கிறார். சென்னையிலிருந்து வந்து நிற்கும் உங்கள் மாமியார், இரண்டுமே பிழை, "அதரப்பழசு" என்பதுதான் சொல் என்கிறார். அதற்குப் பிறகு மகள் விளையாட்டாக மாமியாரையே "அறப்பழசு" என்று சொல்லிவிட, வீட்டில் இரண்டு நாளாகக் கதைபேச்சு குறைவு. எது சரி என்று மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே மூன்று கேள்வி இருக்கிறது: எழுத்து எது, பொருள் என்ன, யாரைப் பார்த்துச் சொல்லலாம். உங்கள் வீட்டுச் சிக்கல் மூன்றாவதில் என்று நினைக்கிறேன்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. கொழும்பில் ஒரு தமிழ் அச்சகத்திலும் பிறகு ஒரு பத்திரிகையிலுமாக இருபத்தேழு வருடம் ஒப்புநோக்கிய ஆள். ஒரு சொல்லை எத்தனை விதமாகப் பிழையாக எழுதலாம் என்பதில் எனக்கு அனுபவம் அதிகம். அந்த அளவில் கேளுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. "பழசு" என்பது "பழையது" பேச்சில் தேய்ந்த உருவம். பெரியது பெரிசானது, சிறியது சிறிசானது, புதியது புதுசானது, இளையது இளசானது போலத்தான். கடைசியில் நிற்கிற "சு", அஃறிணை ஒருமைக்கு வரும் "து"வின் மாற்றம். இதை நினைவில் வையுங்கள், மாமியார் விஷயத்தில் திரும்பவும் தேவைப்படும்.

அடுத்தது "அற". இது "அறு" என்ற வினையிலிருந்து வருவது. அறுதல் என்றால் முடிந்துபோதல், மிச்சமில்லாமல் தீர்தல். "ஐயமற", "வேரற" என்று எழுதும்போதும், "அறவே பிடிக்காது" என்று சொல்லும்போதும் அதே சொல்தான். திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் "அருந்தியது அற்றது போற்றி உணின்" என்று வருகிறதே, அந்த "அற்றது" முன்பு சாப்பிட்டது முழுதாகச் செரித்துத் தீர்ந்ததைச் சொல்வது. (இரண்டு குறள் தள்ளி "துவரப் பசித்து" என்று வரும். அந்தத் "துவர"வும் முற்றாக என்ற பொருள்தான். இன்று யாரும் துவரப் பசிக்கிறது என்று சொல்வதில்லை. "அற" பிழைத்துக்கொண்டது, "துவர" போய்விட்டது.)

பிழைத்த இடம் பழமொழிகள். "அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்" என்று கேட்டிருப்பீர்கள். மூஞ்சூறுக்குப் பதிலாகப் பல்லி, கழுநீர்ப் பானைக்குப் பதிலாகக் கூழ்ப்பானை என்று ஊருக்கு ஊர் மாறும். "அற நனைந்தவனுக்குக் கூதல் என்ன", "அறக் கூர்மை முழு மொட்டை" என்றும் உண்டு. மூன்றிலும் "அற" வெறும் "மிக" இல்லை. எல்லையைத் தாண்டிப்போன, இனி அதற்கு மேல் இல்லாத நிலை. அளவுக்கு மிஞ்சிக் கூராக்கிய கத்தி மொட்டையாகிவிடுகிறது. முழுக்க நனைந்தவனுக்கு இன்னும் நனைவதில் பயமில்லை. ஆகவே "அறப்பழசு" என்றால் பழசாகிப் பழசாகி, இதற்கு மேல் பழசாக இடமில்லாதது. உங்கள் மகளின் ஆசிரியர் திருத்தியதற்கு இந்த அடிப்படை போதும். இடையில் "ப்" மிகுவதும் ஒழுங்குதான். "வரச் சொன்னான்", "போகப் பார்த்தான்" என்பதில் வருவது போல, அகரத்தில் முடியும் அந்த வகை எச்சத்துக்குப் பின் வல்லெழுத்து மிகும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. "அறப்பணி", "அறப்போர்" என்பவற்றில் இருப்பது அறம். அங்கேயும் "அறப்" என்றுதான் நிற்கும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அறப்பழசு என்றால் தர்மத்துக்குக் கொடுக்கிற பழைய சாமானா சேர்?" என்று என்னிடம் கேட்டான். பிழையான விளக்கம்தான், ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம்.

இனிச் சந்தேகமான பகுதி. "அரதப்பழசு" தமிழ்நாட்டில் பரவலாக எழுதப்படுவது. அதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அரதனம் என்றால் இரத்தினம், ஆகவே பழைய இரத்தினம் போன்றது என்பார்கள். மதிப்புள்ள பொருளை வைத்து மதிப்பில்லாததைத் திட்டுவது எனக்குப் பொருந்தவில்லை. "அதரம்" என்றால் உதடு, உதடு பட்டுத் தேய்ந்த பழசு என்று இன்னொன்று. இதையெல்லாம் சொல்லுக்குப் பின்னால் ஓடிப்போய்க் கட்டிய கதை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

என் ஊகம் வேறு. ஊகம் என்று சொல்லியே தருகிறேன். "அறுத" அல்லது "அறத" என்று "அறு"வின் வேறொரு நீண்ட உருவம் பேச்சில் இருந்து, அதை எழுதும்போது "ற"வும் "ர"வும் மயங்கி "அரத" ஆகியிருக்கலாம். பேச்சில் இந்த இரண்டு எழுத்தையும் பிரித்துச் சொல்லாதவர்களுக்கு அது பிழையாகவே தோன்றாது. ரோட்டை "றோட்டு" என்றும் ரேடியோவை "றேடியோ" என்றும் எழுதிப் பழகிய எங்களுக்குக் கண்ணில் குத்தும், அவ்வளவுதான். "அரத" வந்த பிறகு "அதர" வருவதற்கு அதிக தூரம் இல்லை. "ர"வும் "த"வும் இடம் மாறினால் போதும். இப்படி எழுத்து இடம் மாறுவது தமிழில் புதுமையும் இல்லை. விசிறி சிவிறி ஆனது, தசை சதை ஆனது என்று இலக்கண ஆசிரியர்களே காட்டியிருக்கிறார்கள். இதைவிட நல்ல சாட்சி மதுரை. ஊர்ப்புறத்தில் அதை "மருதை" என்பார்கள், குதிரையைக் "குருதை" என்பார்கள். அங்கேயும் இடம் மாறியவை அதே தகரமும் ரகரமும்தான். அதனால் உங்கள் மாமியார் சொல்வதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அவர் மருதை என்கிறார், ஆசிரியர் மதுரை என்கிறார். போய்ச் சேருகிற ஊர் ஒன்றுதான்.

எது சரி என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், எழுத்தில் "அறப்பழசு" என்பேன். காரணம், அதன் இரண்டு பாதியையும் பிரித்துக் காட்டி விளக்க முடியும். மற்ற இரண்டையும் பேச்சுருவம் என்று விட்டுவிடலாம். எப்படி எழுதினாலும் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். "அற பழசு" என்று பிரித்து ஒற்றையும் தின்றுவிட்டு வந்த பிரதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, பொருளுக்கு வருவோம். இங்கேதான் அகராதி போல "மிகவும் பழையது" என்று சொல்லி முடித்தால் ஆள் ஏமாந்துபோவார். கொழும்பில் மிகவும் பழையது எது? வாழைத்தோட்டத்துப் பக்கம் மேட்டில் நிற்கும் வொல்வெண்டால் தேவாலயம் ஒல்லாந்தர் 1757இல் கட்டி முடித்தது. கோட்டையில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி இருக்கிறது, இப்போது உள்ளே சாப்பாட்டுக் கடைகள். இவற்றை யாராவது அறப்பழசு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம்" என்று கொஞ்சம் பெருமையோடு சொல்வார்கள். அம்மம்மாவின் அட்டியலும் அறப்பழசு இல்லை, அது "பழைய காலத்து வேலைப்பாடு". பழைய அரிசிக்குப் புது அரிசியைவிட மதிப்பு அதிகம். ஆனால் ஐந்து வருடம் பாவித்த கைத்தொலைபேசி அறப்பழசு. போன கிழமை வட்ஸப்பில் சுற்றிய பகிடி இன்று அறப்பழசு. ஆக இந்தச் சொல் வருடத்தை எண்ணுவதில்லை. "அற" என்றால் தீர்தல் என்றேன் அல்லவா, பொருளில் இருந்த பயன் தீர்ந்துவிட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. சில வேளை தீர்ந்தது பொருளின் பயனும் இல்லை, சொல்கிறவரின் பொறுமை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வாகனத்தின் பழைய உதிரிப்பாகம் எதுவும் கிடைக்கும் தெரு. அங்கே விற்கிறவர் வாயிலிருந்து "அறப்பழசு" வராது. அவருக்கு அது "பாவிச்சது", இன்னும் நல்ல நாளென்றால் "ஜப்பான் சாமான்". வாங்குகிறவர்தான் கையில் எடுத்து, கறளைச் சுரண்டிப் பார்த்து, "என்ன அண்ணை, இது அறப்பழசு, இதுக்கு இந்த விலையோ?" என்பார். "பழசுதான் தம்பி ஒறிஜினல்" என்று பதில் வரும். "அற" மட்டும் கழன்று விழுந்ததைக் கவனியுங்கள். பழசு என்பதை விற்பனைக்குக்கூடச் சொல்லலாம். அறப்பழசு என்று ஒப்புக்கொண்டால் வியாபாரம் முடிந்தது.

எதற்கெல்லாம் சொல்வதில்லை என்பதும் பொருளின் ஒரு பாதி. சாப்பாட்டுக்குச் சொல்வதில்லை, அது பழுதாகும் அல்லது ஊசிப்போகும். மரம் உக்கும், உளுத்துப்போகும். துணி நைந்து கந்தலாகும். இரும்பு கறள் பிடிக்கும். அந்தந்தப் பொருள் கெடுகிற விதத்துக்கு ஒரு வினை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் "அறப்பழசு" பின்வாங்கிவிடுகிறது. இயந்திரம், வாகனம், கருவி, கதை, பகிடி, செய்தி, நாகரிகம், சட்டம் இவைதான் அதன் வீடு. இவை வெளியே அப்படியே இருக்கும். காலம் மட்டும் தாண்டிப் போயிருக்கும்.

அலுவலகத் தமிழில் இதற்கு நேரான சொல் ஒன்று உண்டு, "பாவனைக்குதவாத". திணைக்களங்கள் பழைய கதிரை மேசைகளைக் கழிக்கும்போது பட்டியலுக்கு மேலே எழுதுவது. "மிகப் பழைய" என்பதைவிட "பாவனைக்குதவாத" என்பதே அறப்பழசின் சரியான மொழிபெயர்ப்பு என்று எனக்குத் தோன்றும். பக்கத்து வீட்டுச் சிங்கள நண்பர்கள் "பரண" என்பார்கள். சில பேர் அதையும் எங்கள் "பரண்" என்பதையும் முடிச்சுப் போடுவார்கள், பழைய சாமானைப் பரணில்தானே போடுகிறோம் என்று. அது தற்செயல். சிங்களப் "பரண" வந்தது "புராண" என்ற வடசொல்லிலிருந்து. அதன் உறவுக்காரன் நம்மிடமும் இருக்கிறான்: ஒருவர் கேட்ட கதையையே திரும்பச் சொன்னால் "தொடங்கிட்டார் தன்ரை பழைய புராணத்தை" என்கிறோமே, அவன்தான்.

ஆட்களுக்கு வருவோம். இலங்கையில் "பழைய மாணவர் சங்கம்" என்று பெயர்ப்பலகை போடுகிறோம். தமிழ்நாட்டில் "முன்னாள் மாணவர்" என்பார்கள். எங்களுக்குப் பழைய மாணவர் என்பது பெருமை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போகிற அளவுக்குப் பெருமை. வள்ளுவரும் பழைமை என்று ஓர் அதிகாரமே வைத்து, நீண்ட நாள் நட்பின் உரிமையைத்தான் அப்படிச் சொல்கிறார். ஆகவே "பழைய" என்ற அடையில் இழிவு இல்லை. ஆனால் அதே ஆளைப் "பழசு" என்றால் கோபம் வரும். ஏன்? முதலில் சொன்ன அந்தச் "சு". மனிதரை அஃறிணையில் போட்டுவிடுகிறது. அஃறிணை எப்போதும் அவமதிப்பு என்றும் இல்லை. பிள்ளைகளை "சிறுசுகள்" என்கிறோம், "அது நித்திரை" என்கிறோம், அது செல்லம். கீழே இறங்கி வரும்போது செல்லமாக இருப்பது, மேலே நோக்கிப் போகும்போது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. அதன் தலையில் "அற"வையும் வைத்தால் "உங்களால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை" என்று சொன்னது போல ஆகிறது. மகள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. சொல் தன்பாட்டுக்கு அதைச் சொல்லிவிட்டது.

நானே இதில் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன். ஐம்பது வருடம் மேடையில் நடித்த ஒருவரைப் பற்றிய குறிப்பில் செய்தியாளர் "பழைய நாடக நடிகர்" என்று எழுதியிருந்தார். இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, நான் விட்டுவிட்டேன். அடுத்த நாள் காலையில் அவருடைய மகன் வந்து நின்றார். கத்தவில்லை. "அப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்" என்று மட்டும் சொன்னார். "பழம்பெரும் நடிகர்" என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும். பழைய மாணவர் என்றால் பெருமை, பழைய நடிகர் என்றால் இப்போது நடிகரில்லை என்று ஆகிவிடுகிறது. இதற்கெல்லாம் விதி எழுதி வைக்க முடியாது, பழக்கத்தில்தான் பிடிபடும்.

ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு. "நான் அறப்பழசு பிள்ளை, எனக்கு இந்தப் போனெல்லாம் விளங்காது" என்று எண்பது வயதுக்காரர் சொன்னால் அது பகிடி, கொஞ்சம் தற்பெருமையும்கூட. அதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது, மறுக்க வேண்டும்.

ஆட்களின் போக்கைச் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றன. "பழைய பஞ்சாங்கம்" நல்ல உவமை. போன வருடத்துப் பஞ்சாங்கத்தில் எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும், ஆனால் இன்றைய ராகுகாலத்துக்கு உதவாது. "கர்நாடகம்" என்று ஒரு காலத்தில் தமிழ்நாட்டு எழுத்தில் அடிக்கடி வரும், பழைய மோஸ்தர் ஆள் என்ற பொருளில். இப்போது சொன்னால் சங்கீதம் என்று நினைப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது "பத்தாம்பசலி". பசலி என்பது வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு. அக்பர் காலத்தில் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் நிலவரிக் கணக்கில் இன்றும் எழுதுகிறார்கள், ஜூலை முதலாம் திகதி தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. கணக்குப் பார்த்தால் பத்தாம் பசலி கிட்டத்தட்ட கி.பி. 600இல் வர வேண்டும். ஆனால் பசலியைத் தொடங்கியபோதே ஹிஜ்ரி ஆண்டோடு ஒட்ட வைத்து 963 என்ற எண்ணிலிருந்துதான் எண்ணத் தொடங்கினார்கள். அதாவது பத்தாம் பசலி என்ற ஆண்டில் யாருமே வாழ்ந்ததில்லை! இல்லாத ஓர் ஆண்டில் பிறந்த ஆள் என்று ஒருவரைத் திட்டுவதற்கு ஒரு மொழிக்குக் கற்பனை வேண்டும். எங்கள் ஊர் நிர்வாகம் பசலியைப் பாவித்ததில்லை, சொல் மட்டும் சஞ்சிகைகளில் ஏறி வந்து சேர்ந்தது. ஆனால் கவனம், பத்தாம்பசலி என்பது ஆளின் சிந்தனையைப் பற்றியது. கணினியைப் பத்தாம்பசலி என்றால் சிரிப்பார்கள்.

கட்டுரையில் எழுதலாமா என்பதற்கு என் பதில்: எழுதலாம், இடம் பார்த்து. "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூல் சொன்னது இப்போது போகிப் பண்டிகை வாசகம் போல ஆகிவிட்டது, ஆனால் அது ஒரு இலக்கண நூலின் சூத்திரம். பேச்சுச் சொல் எழுத்துக்குள் வருவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கட்டுரை முழுக்க எழுத்துத் தமிழில் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் "அறப்பழசு" வந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே "மிகப் பழைய கணினி" போதும். அப்பா சொன்னதாக, மேற்கோளுக்குள் வந்தால் தாராளமாக இருக்கட்டும். ஆசிரியர் எழுத்தை மட்டும் திருத்தி, வேறு சொல் போடாமல் விட்டதைப் பார்த்தால், அவருக்கும் அந்தச் சொல்லில் குறை தெரியவில்லை போலிருக்கிறது.

மாமியாரிடம் மகளை அனுப்பி மன்னிப்புக் கேட்கச் சொன்னால் விஷயம் பெரிதாகும். அதைவிட மதுரை, மருதைக் கதையை எடுத்துக்கொண்டு போய், "அப்பம்மா, நீங்க சொன்ன அதரப்பழசு எப்பிடி வந்தது தெரியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவருடைய ஊரில் இன்னும் எத்தனை பழசு இருக்கிறது என்று அவரே சொல்லத் தொடங்குவார். கேட்டதும் மறக்காமல் ஒரு கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கணினியை நம்ப வேண்டாம்.